மண்ணுல இருந்து மிக்சோபாக்டீரியா புடிச்சு வளர்த்த கதை: காலி அகர், செத்த ஈஸ்ட், ஒரு ஊசி

மண்ணுக்குள்ள கூட்டமா வாழுற பாக்டீரியா ஒரு வகை இருக்கு. தனித்தனியா அலையாம ஆயிரக்கணக்குல ஒண்ணா நகரும், ஒண்ணா சேந்து மத்த கிருமியைத் தின்னும், சாப்பாடு தீந்துபோச்சுன்னா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வெறும் கண்ணுக்கே புள்ளியா தெரியுற அளவுக்கு ஒரு உருண்டை கட்டி அதுக்குள்ள ஸ்போரா (பட்டினியைத் தாங்குற விதை மாதிரி செல்லா) மாறி ஒக்காந்துக்கும். சயின்ஸ்ல இதுக்குப் பேரு மிக்சோபாக்டீரியா. போற வழியெல்லாம் வழவழன்னு ஒரு தடம் விட்டுட்டுப் போகும், அதான் பேர்லயே கிரேக்கத்துல சளின்னு அர்த்தம் வர்ற 'மிக்சா' ஒட்டிக்கிச்சு. பழைய புக்குல எல்லாம் டெல்டாபுரோட்டியோபாக்டீரியாவுக்குள்ள மிக்சோகாக்கேல்ஸ்னு போட்டிருக்கும், 2020ல இத தனி ஃபைலமா (பெரிய பிரிவா) பிரிச்சு மிக்சோகாக்கோட்டான்னு வச்சாங்க, அதனால தேடும்போது ரெண்டு பேரையும் போட்டுத் தேடுங்க. ஸ்லைம் மோல்டு வேற, அது அமீபா வகை, பாக்டீரியாவே கிடையாது, பாக்க ஒரே மாதிரி இருக்கும்ங்கறதால நிறைய பேர் குழப்பிக்கறாங்க.

குழப்பிக்கறது இன்னைக்கு நேத்து வந்ததில்ல. கோண்ட்ரோமைசெஸ்னு ஒரு இனம், காம்பு, கிளை, நுனில குட்டிக் குட்டி உருண்டைன்னு அவ்ளோ சிக்கலா இருக்கும், 19ம் நூற்றாண்டுல பெர்க்லிங்கற பூஞ்சை நிபுணர் அத பூஞ்சைக் கணக்குல எழுதி வச்சுட்டாரு. 1892ல ஹார்வர்டுல இருந்த ரோலண்ட் தாக்ஸ்டர்தான் இது பூஞ்சை இல்லப்பா, பாக்டீரியாங்க சேந்து கட்டுறதுன்னு காட்டினாரு. அவரும் பூஞ்சை ஆராய்ச்சிக்காரர்தான். பாக்டீரியா இப்படி ஒரு வீடு கட்டும்னு அப்ப யாரும் லேசுல நம்பல.

சரி, விஷயத்துக்கு வரேன். இத வீட்லயே வளர்த்துப் பாக்க முடியுமான்னு எறங்கினேன், முடியும், ஆனா ஒண்ணு மட்டும் மண்டைல ஏறணும், இத வளர்க்கணும்னா சாப்பாடு போடக்கூடாது. வழக்கமா பாக்டீரியா வளர்க்கறதுக்கு சத்து கலந்த அகர் (கடல்பாசில இருந்து வர்ற ஜெல்லி) ஊத்தி அதுல மண்ணத் தூவுவாங்க, அப்படிப் பண்ணா மறுநாளே பசில்லஸ், சூடோமோனாஸ்னு வேகமா வளர்ற கூட்டம் பிளேட் முழுக்க பரவி எடத்தப் புடிச்சிடும், மிக்சோபாக்டீரியா மெதுவா நகர்ற ஆளு, அதுக்கு எடமே இருக்காது. பிளேட்ட காலியா வச்சு அது தின்னக்கூடிய இரையை மட்டும் ஒரு கோடா போட்டுட்டா நெலம தலைகீழா மாறிடும், மத்ததுக்கு எல்லாம் பட்டினி, இதுக்கு மட்டும் வேட்டை. அந்த வேட்டையும் முடிஞ்சு பட்டினி வந்தப்புறம்தான் நாம பாக்க ஆசைப்படுற அந்த உருண்டையைக் கட்டவே ஆரம்பிக்கும்.

லேப்ல இரையா உயிரோட இருக்கற ஈ. கோலைங்கற பாக்டீரியாவக் கோடு போடுவாங்க, கூடவே பூசணம் வராம இருக்க சைக்ளோஹெக்சிமைடுனு ஒரு மருந்தும் சேப்பாங்க. ரெண்டுமே வீட்டுக்கு வேண்டாம். அந்த மருந்து நல்ல விஷம், மனுஷனுக்கும் ஆகாது. ஈ. கோலைக்கு பதிலா பேக்கரி ஈஸ்ட்ட கொன்னு போட்டாலே போதும், மிக்சோபாக்டீரியா வளர்க்கறவங்க நிறைய பேர் வேக வச்ச ஈஸ்ட் கலந்த அகர்தான் பயன்படுத்தறாங்க, அதனால இது நம்ம வசதிக்கு கண்டுபுடிச்ச குறுக்கு வழி இல்ல.

பிளேட் ரெசிபி ரொம்ப சிம்பிள். 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், 15 கிராம் அகர், 1 கிராம் கால்சியம் குளோரைடு. அவ்ளோதான். நான் கால் லிட்டர்தான் கலக்கினேன், அதுக்கே தேவைக்கு மேல பிளேட் வந்துச்சு. கால்சியத்த விட்டுடாதீங்க, செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நகர்றதுக்கு அது வேணும். பிஎச் 7.2 பக்கம் இருந்தா நல்லது, பேப்பர் ஸ்ட்ரிப் வச்சுப் பாத்தா போதும். கண்ணாடி பாட்டில்ல ஊத்தி மூடிய லேசா மட்டும் திருகி பிரஷர் குக்கர்ல முழு பிரஷர் வந்தப்புறம் 20 நிமிஷம். இன்னொரு சின்ன பாட்டில்ல ஈஸ்ட்ட தண்ணில கெட்டியா கரைச்சு அதையும் அதே குக்கர்லயே வச்சுட்டேன். குக்கர் தானா ஆறுற வரைக்கும் தொறக்கக் கூடாது, அவசரப்பட்டு பிரஷர எறக்கினா பாட்டில் பொங்கி அகர் பூரா வெளிய வந்துடும்.

அகர் கை பொறுக்கற சூட்டுக்கு வந்ததும் பெட்ரி டிஷ்ல மெல்லிசா ஊத்தி, ஆறவிட்டு, மேல இருக்கற ஈரம் காயற வரைக்கும் விட்டுட்டேன். இந்தக் காயறது முக்கியம், மேல தண்ணி நின்னா நீந்துற பாக்டீரியா எல்லாம் ஜாலியா பரவும், மிக்சோபாக்டீரியாவுக்கு நீச்சல் தெரியாது, நீந்த உதவுற வால் மாதிரி கசையிழை கிடையாது, ஏதாவது ஒரு பரப்புல ஒட்டி சறுக்கித்தான் போகும். அதுக்கப்புறம் ஈஸ்ட் கரைசல ஒரு லூப்ல (நுனி வளையமா இருக்கற கம்பி) தொட்டு பிளேட் நடுவுல கோடு, குறுக்க இன்னொரு கோடு, பிளஸ் மாதிரி. கோடு காஞ்சதும் ஒரு முனையில மட்டும் மண்ணு. மண்ணு நடுவுல வேண்டாம், முனையில வைங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

மண்ணு எது எடுக்கறதுங்கறதுல ரொம்ப மெனக்கெட வேண்டாம். புளிப்பு மண்ணுல கம்மி, நடுநிலை மண்ணு, மக்கின இலை கெடக்கற எடம், பழைய மரப்பட்டை, முயல் புழுக்கை, ஆட்டுப் புழுக்கை இதெல்லாம் நல்ல எடம். காஞ்ச மண்ணா இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா ஸ்போர் காயறதைத் தாங்கும், மத்ததுல பாதி செத்திருக்கும், நம்ம வேலை கொறையும். நான் எடுத்தத பேப்பர்ல பரப்பி நல்லா காயவிட்டு, அப்புறம்தான் சொட்டுத் தண்ணில கொழைச்சு பட்டாணி சைஸ்ல வச்சேன், அதுக்கு மேல வச்சா பூசணம்தான் ஜெயிக்கும்.

30 டிகிரி பக்கம் இருட்டுல வச்சா போதும். இதுங்களுக்கு காத்து வேணும், அதனால டேப் சுத்தி முழுக்க அடைச்சுடாதீங்க, ஒரு டப்பாக்குள்ள ஈரப் பஞ்சு போட்டு அதுக்குள்ள பிளேட்ட அடுக்கி வச்சா அகர் காயாம இருக்கும். வழக்கமா பிளேட்ட கவுத்து வைப்பாங்க, மண்ணு இருக்கறதால இத கவுக்க முடியாது.

முதல் சில நாள் வேற ஆளுங்க ராஜ்ஜியம். லென்ஸ வச்சுப் பாத்தா மண்ணைச் சுத்தி நூற்புழு நெளியும், அமீபா ஊரும், வெள்ளை நூலா பூசணம் கெளம்பும். பயப்பட ஒண்ணுமில்ல. பூசணம் பெரிசா வந்த பிளேட்டுல அந்த எடத்த மட்டும் சுடவச்ச கத்தியால அகரோட வெட்டி எடுத்தேன், சிலதுல வேலை செஞ்சுது, சிலத அப்படியே மூடி ஓரமா வச்சுட்டேன். பூசணத்த விட பெரிய தலவலி மைட்ஸ். கண்ணுக்கே தெரியாத குட்டிப் பூச்சி, ஒரு பிளேட்டுல இருந்து இன்னொண்ணுக்கு நடந்து போயி கால்ல ஒட்டியிருக்கறத எல்லாம் அங்க எறக்கிட்டு வரும். அகர் மேல வளைஞ்சு வளைஞ்சு ஒரு தடமும் அந்தத் தடம் நெடுக பாக்டீரியா புள்ளியும் தெரிஞ்சா மைட்ஸ்தான், அந்த பிளேட்ட உடனே தனியாக்கிடணும்.

ஒரு வாரம் கிட்ட ஆனப்ப ஈஸ்ட் கோட்டுல மாத்தம் தெரிஞ்சுது. மண்ணுப் பக்கம் இருந்து வெள்ளைக் கோடு கரைஞ்சு கண்ணாடியா ஆகிட்டே வருது. இத நேரா மேல இருந்து பாத்தா ஒண்ணும் புரியாது, பிளேட்ட கைல எடுத்து டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு அடிக்கணும். அப்பத்தான் தெரியுது, கண்ணாடில மூச்சு விட்டா படியுற ஆவி மாதிரி ரொம்ப மெல்லிசா ஒரு படலம், அதோட ஓரத்துல நாக்கு நாக்கா நீட்டிக்கிட்டு, உள்ள நரம்பு மாதிரி கோடு ஓடுது. சில எடத்துல வரிவரியா அலை வேற. இந்த அலை நெசமாவே நகருது, எதிரெதிரா வர்ற ரெண்டு அலை மோதுற மாதிரி இருக்கும், ஆனா அங்க செல்லுங்க சட்டுன்னு ரிவர்ஸ் எடுத்து வந்த வழியே திரும்பிப் போகுது. அமீபா தின்னாலும் கோடு கரையும், ஆனா இந்தப் படலமும் நரம்பும் இருக்காது, அத வச்சுதான் பிரிச்சுப் பாத்தேன்.

இதுங்க ரெண்டு விதமா நகரும்னு 1979ல ஹாட்ஜ்கின், கைசர்னு ரெண்டு பேர் மிக்சோகாக்கஸ் சாந்தஸ்ங்கற மிக்சோபாக்டீரியா இனத்துல காட்டியிருக்காங்க. கூட்டமா போற நடைக்குப் பேரு சோஷியல் மோட்டிலிட்டி, பைலைங்கற நூல முன்னாடி வீசி, ஒட்டவச்சு, சுருட்டி, தன்ன இழுத்துக்கும். இன்னொண்ணு தனி ஆளா கெளம்பற நடை, அதுக்கு அட்வென்சரஸ்னு பேரு வச்சிருக்காங்க. படலத்தோட ஓரத்த மைக்ரோஸ்கோப்ல பாத்தா ரெண்டுமே தெரியும், நடுவுல திமுதிமுன்னு ஒரு கூட்டம், அதத் தாண்டி வெளிய தனியா அலையற ரெண்டு மூணு குச்சி. வேகம்னு பாத்தா நிமிஷத்துக்கு சில மைக்ரான்தான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு ஒரு மைக்ரான்), கண்ணால பாத்துக்கிட்டே இருந்தா அசையற மாதிரியே தெரியாது, ஃபோனை மைக்ரோஸ்கோப் கண்ல வச்சு நிமிஷத்துக்கு ஒரு போட்டோன்னு டைம்லாப்ஸ் எடுத்தாத்தான் ஆட்டம் தெரியும். முன்னாடி போயிட்டிருக்கறது சில நிமிஷத்துல நின்னு பின்னாடி போகுது, தலையும் வாலும் இடம் மாத்திக்கிட்ட மாதிரி, ஒடம்பு திரும்பறதே இல்ல.

எதுக்குக் கூட்டம் சேரணும்ங்கற கேள்விக்கு எனக்குப் புடிச்ச பதில் 1977ல வந்த ஒரு சோதனைல இருக்கு. ரோசன்பெர்க், கெல்லர், டுவொர்கின் மூணு பேரும் கேசீன்ங்கற புரதத்த மட்டும் சாப்பாடா குடுத்து மிக்சோகாக்கஸ வளர்த்தாங்க. செல் நெருக்கமா இருந்தா வேகமா வளருது, கம்மியா இருந்தா வளர்ச்சி மந்தமாயிடுது. ஏன்னா புரதத்த உடைக்கற என்சைம வெளியதான் விடுது, தனி ஆளா விட்டா உடைஞ்சதெல்லாம் தண்ணியோட போயிடும், கூட்டமா விட்டா ஒருத்தன் உடைச்சது பக்கத்துல இருக்கறவனுக்கு ஆகும். இதனாலதான் ஓநாய்க் கூட்டம்னு ஒரு பேரு இதுக்கு ஒட்டிக்கிச்சு. அந்தப் பேரு எனக்கு முழுசா ஒப்பல, ஓநாய் சுத்தி வளைச்சு ஓட விட்டு அடிக்கும், இது போற வழில தட்டுப்படறத தொட்டுக் கொல்லுது, அவ்ளோதான், ஆனா பேரு நிலைச்சிடுச்சு.

இதுல ஏமாத்துக்காரனும் உண்டு. 2000ல வெலிசர், க்ரூஸ், லென்ஸ்கி எழுதினதுல, சில மியூட்டன்ட் (ஜீன் மாறிப்போன ரகம்) தனியா விட்டா உருண்டையே ஒழுங்கா கட்டாது, ஆனா ஒழுங்கா கட்டற கூட்டத்தோட கலந்து விட்டா தன் பங்குக்கு மேல ஸ்போர் இடத்தப் புடிச்சுக்குதுன்னு காட்டினாங்க.

நம்ம பிளேட்டுக்கு வரேன். படலம் கோட்டோட அடுத்த முனைக்குப் போயி, தின்ன ஒண்ணும் இல்லாம நின்னதும், பின்னாடி கடந்து வந்த எடத்துல புள்ளி புள்ளியா மேடு கெளம்ப ஆரம்பிச்சுது. முதல்ல நெறமே இல்ல, பனித்துளின்னு நெனச்சு விட்டிருப்பேன், மறுநாள் பாத்தா வெளிர் மஞ்சள், அப்புறம் நல்ல ஆரஞ்சு. பெரிசுங்கறது கால் மில்லிமீட்டர் இருக்கலாம். 10 மடங்கு லென்ஸ்ல பாத்தா ஒவ்வொண்ணும் மினுமினுன்னு ஈரமா, மேல உருண்டை, அடில கொஞ்சம் ஒடுங்கி, அகர விட்டு எம்பி நிக்குது. ஒண்ணுக்குள்ள 1,00,000 செல் பக்கம் இருக்கும்னு சொல்வாங்க. உள்ள போன எல்லாரும் ஸ்போர் ஆகறதில்ல, நெறைய செல் வழிலயே வெடிச்சு செத்துடும், கொஞ்சம் ஸ்போர் ஆகாம குச்சியாவே உருண்டைக்கு வெளிய காவல் மாதிரி சுத்திக்கிட்டு இருக்கும்.

சுடவச்சு ஆறவச்ச மெல்லிசு ஊசி நுனியால ஒரே ஒரு உருண்டையைத் தொட்டு எடுத்து ஸ்லைடுல சொட்டுத் தண்ணில நசுக்கினேன். கண்ணாடி கவர் மேல மெதுவா அழுத்தினதும் உள்ள இருந்து பளபளன்னு உருண்டை உருண்டையா ஸ்போர் கொட்டுது, ஃபோகஸ கொஞ்சம் மாத்தினா வெள்ளையா மின்னி மறுபடி கருக்குது. ஒண்ணு ரெண்டு மைக்ரான்தான் இருக்கும். ஸ்போர் உருண்டையா இருந்தா மிக்சோகாக்கஸ் இல்லேன்னா கோரல்லோகாக்கஸ், குட்டைக் குச்சியா இருந்தா சிஸ்டோபாக்டர், ஆர்க்காஞ்சியம் அந்தப் பக்கம் பாக்கணும். என் ஆரஞ்சு ஆளு தொட்டா மெத்துன்னு கொழகொழன்னு ஊசில இழுபட்டு வந்துச்சு, அதனால மிக்சோகாக்கஸ்னு வச்சுக்கறேன், அதுல ஃபுல்வஸ்ங்கற இனமா வேறயான்னு பாத்து சொல்ல முடியாது, அதுக்கு ஜீன் சீக்வென்ஸ் பண்ணணும். இன்னொரு பிளேட்டுல வந்தது வேற ரகம், கொம்பு கொம்பா முறுக்கிக்கிட்டு, ஊசி வச்சா கெட்டியா, பிய்க்க வராம இருந்துச்சு. அது கோரல்லோகாக்கஸ். பவளம் மாதிரி இருக்கறதாலதான் அந்தப் பேரே.

இப்ப மண்ண முனையில வைக்கச் சொன்ன காரணம். படலம் கோட்டு வழியா ஓடி அடுத்த முனைக்கு வரும்போது மத்த கிருமில பெரும்பாலானது பின்தங்கிடும், அதனால தூர முனையில இருந்து படலத்தோட ஓரத்த மிளகு சைஸ்ல அகரோட வெட்டி புது பிளேட்ல வச்சா பாதி சுத்தம் ஆன மாதிரி. அப்பவும் கூட ஒட்டிக்கிட்டு வர்ற பாக்டீரியா இருக்கும், படலத்துக்குள்ளயே ஒளிஞ்சு பயணம் பண்ணும். அதுக்கு சூடு வைத்தியம். நல்லா முத்தி காஞ்ச உருண்டையை சுத்தத் தண்ணில நசுக்கி 58 டிகிரி தண்ணில 10 நிமிஷம் வச்சு எடுத்தா குச்சியா இருக்கற சாதா ஆளுங்க செத்துடும், மிக்சோபாக்டீரியாவோட ஸ்போர் தாங்கிடும். பசில்லஸ் ஸ்போர் மட்டும் இதுக்கு மேலயும் தாங்கும், அது வந்திருந்தா இந்த வழி உதவாது, மறுபடி ஓரத்த வெட்டி வெட்டி மாத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான். பொறுமை இல்லாதவங்களுக்கு இந்த வேலை ஆகாது, ஒவ்வொரு மாத்தலுக்கும் பல நாள் காத்திருக்கணும்.

புழுக்கை வழியும் பண்ணிப் பாத்தேன், நேர்மையா சொல்லணும்னா அதுதான் ஈஸி. முயல் புழுக்கையை குக்கர்ல வேகவச்சு கிருமி நீக்கி, ஈர மண்ணுல பாதி பொதைஞ்ச மாதிரி வச்சு மூடிட்டா சில நாள்ல இருந்து ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ள புழுக்கை மேலயே ஆரஞ்சு, மஞ்சள் உருண்டை வந்து ஒக்காந்துக்குது. அகர் கூட வேண்டாம். ஆனா நகர்ற படலம், நரம்பு, அலை எதையும் பாக்க முடியாது, கடைசி உருண்டை மட்டும்தான். வேகவைக்கும்போது வர்ற வாடையப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல, அதுக்குன்னே ஒரு பழைய குக்கர ஒதுக்கிடுங்க.

இன்னும் ஒரு பிளேட் ஓடிக்கிட்டு இருக்கு, அது காகிதம் தின்னுற சொராஞ்சியம் செல்லுலோசம் புடிக்கறதுக்கு. இதுல ஈஸ்ட் கோடு கிடையாது. பொட்டாசியம் நைட்ரேட், மெக்னீசியம் சல்ஃபேட், கால்சியம் குளோரைடு, பொட்டாசியம் பாஸ்பேட், துளி இரும்பு உப்பு கலந்த அகர் மேல ஃபில்டர் பேப்பர் துண்டு, அதுமேல மண்ணு. பாஸ்பேட்ட தனி பாட்டில்ல வேகவச்சு கடைசில கலக்கணும், கால்சியத்தோட சேத்து வேகவச்சா வெள்ளையா படிஞ்சிடும். இந்த ஆளுக்கு மெனக்கெட காரணம் இருக்கு. 2007ல இதோட ஒரு ரகத்த சீக்வென்ஸ் பண்ணப்ப ஜீனோம் 13 மில்லியன் பேஸ் ஜோடி வந்துச்சு, லேப் ஈ. கோலைக்கு 4.6 மில்லியன்தான், அந்த நேரத்துல தெரிஞ்ச பாக்டீரியா ஜீனோம்லயே இதான் பெரிசு. எபோதிலோன்ங்கற புத்துநோய் எதிர்ப்புப் பொருள ஜெர்மனில பிரவுன்ஷ்வைக்ல ஹோஃப்லே, ரைஹன்பாக் குழு இந்த இனத்துல இருந்துதான் எடுத்தாங்க, அதுக்கு மூலம் ஜாம்பேசி ஆத்தங்கரை மண்ணு. அத கொஞ்சம் மாத்தி செஞ்ச இக்சாபெபிலோன மார்பகப் புத்துநோய்க்கு 2007ல அமெரிக்கால அனுமதிச்சாங்க. என் பேப்பர்ல இப்போதைக்கு ஒரு ஓரம் மஞ்சள் திட்டா மாறி, விரலால தொட்டா கிழியற மாதிரி ஊறிப் போயிருக்கு, ஆனா அது சொராஞ்சியமா இல்ல செல்லுலோஸ் தின்னுற வேற பாக்டீரியாவான்னு உருண்டை கட்டினாத்தான் சொல்ல முடியும், இதுக்கு வாரக்கணக்குல ஆகும்.

கடைசியா பாதுகாப்பு. மிக்சோபாக்டீரியா மனுஷனுக்கு நோய் குடுக்கறதா தெரியல, ஆனா பிளேட்ல அது மட்டும் இல்ல, மண்ணுல இருந்து வந்த எல்லாமும் இருக்கு, பூசண ஸ்போர் உட்பட. அதனால மூடிய தேவையில்லாம தொறக்காதீங்க, மூடி வழியாவே லென்ஸ் வச்சுப் பாக்கலாம், தொறந்தாகணும்னா மாஸ்க், கையுறை போட்டுக்கோங்க, எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கறவங்க இருக்கற வீட்ல வேண்டவே வேண்டாம். முடிஞ்ச பிளேட்ட அப்படியே குப்பைல போடாம, கண்ணாடி டிஷ்ஷா இருந்தா குக்கர்ல இன்னொரு 20 நிமிஷம், பிளாஸ்டிக்னா பிளீச் தண்ணில ஒரு ராத்திரி ஊறவச்சு அப்புறம் போடுங்க, பிளீச்ச குக்கர்ல வச்சுடாதீங்க. புடிச்ச ரகத்த சேத்து வைக்கணும்னா முத்தின உருண்டை இருக்கற எடத்துல கிருமி நீக்கின ஃபில்டர் பேப்பர் துண்ட ஒத்தி, அத நல்லா காயவச்சு, பேப்பர் கவர்ல போட்டு தேதியும் மண்ணு எங்க எடுத்ததுன்னும் எழுதி வச்சா போதும், வருஷக்கணக்குல தாங்கும், மறுபடி வேணும்னா ஈஸ்ட் கோடு போட்ட புது பிளேட்ல அந்தப் பேப்பர வச்சாலே மொளைச்சிடும்.